தரவையும் உறுதியும்: மட்டக்களப்பு நிலம் பற்றிய நூல்களை முன்வைத்து

எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இரண்டு பொருள்கள் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்று, படுவான்கரையில் மூத்தாப்பாவுக்கு இருந்த வயற்காணியின் உறுதி. மற்றது, மாட்டுக்குக் குறிசுடும் இரும்பு. உறுதியை உம்மா பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறார். இரும்பு துருவேறிக் கிடக்கிறது.

அந்த உறுதியில் காணிக்கு நான்கு எல்லைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. வடக்கே ஒரு போடியாரின் வயல், கிழக்கே வாய்க்கால், தெற்கே இன்னொருவரின் வயல். மேற்கே 'முடிக்குரிய காணி'. சின்ன வயதில் இதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு மூத்தாப்பாவிடம் கேட்டேன். "மேற்கால முடிக்குரிய காணியெண்டு போட்டிரிக்கி, அது ஆருட காணி?" அவர் சிரித்தார். "அது காணி இல்ல மனே, தரவை. மாட்டுட இடம்."

நாற்பது வருடம் கழித்துத்தான் அந்தப் பதிலின் கனம் எனக்கு விளங்குகிறது. ஒரே நிலத்துக்கு உறுதியில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர். மட்டக்களப்பு நிலத்தைப் பற்றி எழுதப்பட்ட முக்கியமான சில நூல்களை, 'இதில் தரவை எங்கே?' என்ற ஒரே கேள்வியோடு இந்த வருடம் மீண்டும் படித்தேன். அந்த வாசிப்பின் குறிப்புகளே இவை. நூல்களை மட்டும் குறை சொல்லும் நோக்கம் எனக்கில்லை. கடைசியில் குறை என் மேலும் எங்கள் மேலும் வந்து நிற்கிறது.

1. தரவை என்பது என்ன?

பாலம் வந்தபின் பிறந்த பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை, மண்முனைத் துறையில் பாதையில் ஏறித்தான் எங்களவர்கள் வயலுக்குப் போனார்கள். பாதை என்றால் இங்கே றோட்டு அல்ல, ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் திட்டு எழுவான்கரை. காத்தான்குடி அதில்தான் இருக்கிறது. இங்கே வீடு, கடை, தறி, தென்னை எல்லாம் உண்டு, நெல்லுக்கு இடமில்லை. நெல் எல்லாம் வாவிக்கு அக்கரையில், பொழுது படும் பக்கத்தில். அந்த வயல்வெளிகளுக்கும் மேற்கே, ஊவாவின் மலையடிவாரம் வரைக்கும் காடும் புல்லும் மாறி மாறிக் கிடந்தன. அந்தப் புல்வெளியைத்தான் எங்களவர்கள் தரவை என்றார்கள். வாவியோரத்து உவர்த்தரையில் குட்டைப் புல் முளைக்கும் வெளியும் தரவைதான். கல்முனையில் தரவைப் பிள்ளையார் கோயில் என்றே ஒரு கோயில் இருக்கிறது. குடும்பிமலைப் பக்கம் தரவை என்ற பெயரிலேயே இடம் இருக்கிறது. செங்கலடியிலிருந்து மேற்கே போனால் புல்லுமலை.

உள்நாட்டுப் பக்கத்துப் புல்வெளிகளைச் சிங்களத்தில் தமண, தலாவ என்பார்கள். இலுக்கும் மானாவும் ஆளுயரம் வளரும். நடுவே கடுக்காய், தான்றி, நெல்லி தனித்தனியே நிற்கும். திரிபலாச் சூரணத்துக்கு வேண்டிய மூன்று காய்களும் ஒரே வெளியில் கிடைப்பது தற்செயல் அல்ல. வருடா வருடம் வரும் தீயைத் தாங்கக்கூடிய மரங்களே அங்கு மிஞ்சும். கோடை கடுமையாகும்போது மாட்டுக்காரரும் வேட்டைக்காரரும் முற்றிய புல்லுக்குத் தீ வைப்பார்கள். மழைக்கு முன்னே இளம்புல் துளிர்க்கும். இந்தத் தீயும் மேய்ச்சலும் இல்லாதிருந்தால் அந்த இடங்களில் பெரும்பகுதி காடாகியிருக்கும் என்பது தாவரவியலாளர் பலரின் கருத்து. ஆக, யாரும் கை வைக்காத வெற்றுநிலம் என்று தரவையைச் சொல்ல முடியாது. வயலைப்போலவே அதுவும் மனிதர் உழைப்பால் நிலைநின்ற நிலம். உழைத்த கையில் ஏருக்குப் பதில் நெருப்பு இருந்தது, அவ்வளவுதான்.

1850களில் இந்தப் பக்கம் வேட்டையாட வந்த சாமுவேல் பேக்கருக்கு இது இங்கிலாந்துப் பிரபுக்களின் பூங்காவைப்போலத் தெரிந்தது. அவரும் அவர் காலத்தவரும் இதைப் 'பார்க்' என்றே எழுதினார்கள். பூங்கா என்றால் பராமரித்தவர் ஒருவர் இருக்க வேண்டுமே என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

வயலுக்கும் தரவைக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாவிட்டால் மேலே எழுதப்போவது எதுவும் விளங்காது. புரட்டாதி, ஐப்பசியில் முன்மாரி விதைப்பு. விதைத்த வயலில் மாடு நிற்க முடியாது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புத் தேதியோடு மாடுகளை வெளியேற்றும் தேதியும் முடிவாகும். பட்டிகள் மேற்கே நடக்கும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் திரும்பி வந்து தாளடியை மேயும், வயலுக்கு எரு போடும். அடுத்த விதைப்புக்கு முன் எருமைகளை இறக்கிச் சேற்றை மிதிப்பார்கள். சூடு மிதிப்பதும் மாடுதான். மட்டக்களப்புத் தயிருக்குப் பேர் வந்ததும் இந்தப் போக்குவரத்தால்தான். ஏக்கர்க் கணக்கில் நாம் சொல்லும் வயலின் பாதி உயிர் மேற்கே, எந்த உறுதியிலும் இல்லாத நிலத்தில் இருந்தது.

2. நிருவாகியின் நூல்

முதலியார் எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் எழுதிய மட்டக்களப்பு மாவட்டம் பற்றிய நூல் அரசாங்க அச்சகத்தில் பதிப்பானது. நூறு வருடம் கடந்தும் இந்தப் பிரதேசத்தைப் பற்றி எழுதுகிற எவரும் இதைத் தாண்டிப்போக முடியாது. சாதி, குடி, கோயில், குளம், வாய்க்கால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துத் தந்த உழைப்பு அது. முஸ்லிம்களை வெளியாள் போலப் பார்க்காமல் இந்த நிலத்து ஆட்களாகவே எழுதியதற்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் அது கச்சேரியின் கண்ணால் பார்க்கப்பட்ட மட்டக்களப்பு. கச்சேரிக்கு வரி தருவது நெல், செலவு வைப்பது குளம். 1855 முதல் 1860 வரை ஆளுநராக இருந்த ஹென்றி வார்ட் இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்தியதும், 1856ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம் வயல் வழக்காறுகளுக்கு அதிகாரம் கொடுத்ததும் அந்த ஆட்சியின் பெருமைக்குரிய பக்கங்கள். அதற்குப் பதினாறு வருடம் முந்திய இன்னொரு சட்டம் இருக்கிறது. 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புச் சட்டம். காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிரிடாத நிலம் எல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்கே சொந்தம் என்று அது அனுமானித்தது. சேனைக்காரரும் மாட்டுக்காரரும் எதைக் காட்டி நிரூபிப்பார்கள்? சாம்பலையும் சாணத்தையும் எந்த நீதிமன்றமும் ஆவணமாக எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் உறுதியில் 'தரவை' என்று எழுத வேண்டிய இடத்தில் 'முடிக்குரிய காணி' என்ற சொல் வந்து உட்கார்ந்தது இந்த வழியாகத்தான். கனகரத்தினத்தின் நூலில் புல்லைத் தேடுகிற வாசகருக்குக் கையில் கிடைப்பது சொற்பம். அவர் மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்திருந்த கதிரையிலிருந்து பார்த்தால் அது வெறும் மேற்கு எல்லைதான்.

3. புலவரின் நூல்

வித்துவான் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு எப். எக்ஸ். சி. நடராசா 'மட்டக்களப்பு மான்மியம்' ஏட்டுப் பிரதியைப் பதிப்பித்திருந்தார். கந்தையாவின் நூலை நான் பாசத்தோடுதான் படிப்பேன். கச்சேரி காணாததை அவர் கண்டார். நாட்டுப் பாடலையும் கூத்தையும் வைத்தியத்தையும் வாய்மொழியையும் ஆவணமாக மதித்தார். களவெட்டியில் சாதாரணச் சொற்களை விலக்கி வேறு சொற்களில் பேசும் வழக்கம் எங்களிடமும் இருந்தது. சூடு மிதிக்கும்போது மாட்டுக்கும் நெல்லுக்கும் பெட்டிக்கும் மூத்தாப்பா வேறு பெயர் சொல்லுவார். நேர்ப்பெயரைச் சொன்னால் பொலி குறைந்துவிடும் என்பார். தொழுகை தவறாத மனிசன். ஆனாலும் களவெட்டிக்குள் இறங்கினால் அவருக்கும் அக்கரைத் தமிழ் முல்லைக்காரருக்கும் ஒரே பாஷைதான்.

கந்தையாவோடு எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. அவருடைய மட்டக்களப்பு நிறைவான மருதம். வயல் விளைகிறது, போடியார் வீட்டில் சோறும் தயிரும் பெருகுகின்றன, பாட்டுப் பிறக்கிறது. தயிர் இலையில் விழுகிறது, அந்த எருமை மாரிக்கு எங்கே போய் நின்றது என்ற கேள்வி எழுவதில்லை. முல்லைத் திணையைச் சங்க இலக்கியத்தில் விரிவாகப் பேசுகிற தமிழ்ப் புலமை, கண்ணுக்கு முன்னால் கிடந்த தரவையைத் திணையாகக் காணவில்லை. போடியாருக்குக் கீழே வயலைப் பார்க்கிறவருக்கு 'முல்லைக்காரன்' என்ற பெயர் எங்கள் பக்கத்தில் இன்றும் வாழ்கிறது. அந்தச் சொல்லின் வேர் எதுவாகவும் இருக்கட்டும், மேய்ச்சலின் நினைவு அதில் எனக்குக் கேட்கிறது. பட்டிருப்பு, பட்டிப்பளை என்ற பெயர்களைச் சொல்லும்போதும் அப்படித்தான்.

அந்த நூல் வந்த வருடத்தில் பட்டிப்பளை ஆற்றுக்கு என்ன நடந்திருந்தது? அதைத்தான் அடுத்த நூல் பேசுகிறது.

4. 'முன்னோடி' என்ற சொல்

கேம்பிரிட்ஜ் புவியியலாளர் பி. எச். ஃபார்மர் 1957இல் இலங்கையின் வரண்ட வலயக் குடியேற்றங்கள் பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுதினார். தலைப்பை அப்படியே தமிழாக்கினால் 'இலங்கையில் முன்னோடி விவசாயிகளின் குடியேற்றம்' என்று வரும். கவனமான ஆய்வாளர். பழைய கிராமங்களை அவர் மறக்கவில்லை, திட்டங்களின் பலவீனங்களை அரசுக்கு நேரே சொன்னவர். ஆனாலும் தலைப்பிலுள்ள 'முன்னோடி' என்ற சொல் என்னை உறுத்துகிறது. முன்னே வந்தவர் என்றால் அதற்கு முன் யாரும் இல்லை என்றாகிறதே.

அந்தச் சொல்லுக்கு ஒரு பிறந்த வீடு இருக்கிறது. வட அமெரிக்காவின் நடுவே கிடந்த பெரும் புல்வெளியைப் 'பிரெய்ரி' என்பார்கள். அங்கே பூர்வீகக் குடிகள் தீயையும் காட்டெருமையையும் கொண்டு வாழ்ந்தார்கள். எங்கள் தரவைக்காரரைப்போலத் தீ வைத்து இளம்புல் வரவழைத்தார்கள். 1837இல் ஜோன் டியர் என்ற கொல்லர் உருக்கு ஏர் செய்தார். மரத்துக்கும் வார்ப்பிரும்புக்கும் மசியாத புல்வேர்ப் பாயை அது கிழித்தது. 1862இன் குடியிருப்புச் சட்டம், வந்து குடியிருந்து ஐந்து வருடம் பயிர் செய்கிறவருக்கு 160 ஏக்கர் தந்தது. ஏர் பட்ட நிலம் சொந்தம், மாடு பட்ட நிலம் வெற்றுநிலம் என்பது அங்கேயும் கணக்கு. காட்டெருமைகள் ஏறக்குறைய அழிக்கப்பட்டன, பூர்வீகக் குடிகள் ஒதுக்கிடங்களுக்குள் தள்ளப்பட்டார்கள். 1930களில் மழை பொய்த்தபோது, பிடித்து வைக்கப் புல்வேர் இல்லாத மண் புழுதியாக எழும்பி வானத்தை மறைத்தது. உழுதவர்களே ஊரை விட்டு ஓடினார்கள்.

இந்த ஒப்பீட்டை நான் வலிந்து கொண்டுவரவில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக்கு அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபையே முன்மாதிரி. அணையைக் கட்டியது அமெரிக்க மேற்கின் ஐடஹோவைச் சேர்ந்த மொறிசன் நூட்சன் கம்பனி. இங்கினியாகலையில் பட்டிப்பளை ஆறு மறிக்கப்பட்டுச் சேனாநாயக்க சமுத்திரம் உண்டானது. அதன் கீழே காடும் தமணையும் திருத்தப்பட்டுக் கொலனிகள் எழும்பின. வேட்டையாடித் திரிந்த வேடர் குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. கரையோரத் தமிழ், முஸ்லிம் விவசாயிகளுக்கு மேட்டிலிருந்து நீர் வந்தது உண்மை. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அதே கையோடு மாவட்டத்தின் இனக் கணக்கு மாறியதும் 1956 ஜூனில் கல்லோயாவில் தமிழர் இரத்தம் சிந்தப்பட்டதும் 1961இல் அம்பாறை தனி மாவட்டமானதும் உண்மை. போட்ட பணத்துக்கு ஏற்ற பயன் வரவில்லை என்று 1970இல் வந்த மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கையே சொன்னது. அந்தக் குழுவின் தலைவர் இதே ஃபார்மர்தான். தன் காலத்தின் பெரிய நம்பிக்கையைத் தானே கணக்குப் பார்த்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். அந்தக் கணக்கிலும் தரவை ஒரு செலவாக எழுதப்படவில்லை என்பது என் குறை.

5. மானிடவியலாளரின் நூல்

டெனிஸ் மக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்தவர். கிழக்குக் கரையின் தமிழ், முஸ்லிம் சமூகம் பற்றிய அவருடைய 'குரூசிபிள் ஒஃப் கொன்ஃப்ளிக்ற்' 2008இல் வந்தது. நான் பேசும் நூல்களில் எங்கள் சமூகத்தை உள்ளிருந்து விளங்கியது இதுதான். தாய்வழிக் குடி முறை, பெண்பிள்ளைக்கு வீடும் காணியும் சீதனமாகப் போகும் வழக்கம், போடியாரின் அதிகாரம், கோயிலிலும் பள்ளியிலும் குடிகளுக்குள்ள உரிமை ஆகியவற்றை அவர் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான ஓர் அமைப்பாக எடுத்துக் காட்டுகிறார். திமிலரோடு நடந்த சண்டையில் முக்குவருக்குப் பட்டாணிகள் துணை நின்று பெண்ணும் நிலமும் பெற்றார்கள் என்ற கதையை வரலாறாக விழுங்காமலும் பொய்யென்று தள்ளாமலும் அவர் கையாளும் விதம் எங்கள் ஆய்வாளர்கள் கற்க வேண்டியது.

இந்த நூலிலும் நிலம் என்றால் பெரும்பாலும் வயலும் வளவும்தான். அதற்குக் காரணம் உண்டு. சீதனமாகக் கொடுக்கக்கூடியதும் வழக்குப் பேசக்கூடியதும் அவைதான். தரவையை மகளுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் மாட்டைக் கொடுக்கலாம். மாட்டின் மேல் சுட்ட குறி ஆளையும் குடியையும் சொல்லும். எந்தக் குடிக்கு எந்தக் குறி, எந்தப் பட்டி எந்த வழியால் மேற்கே போகும், ஒருவருடைய மாடு இன்னொருவரின் காலைக்குள் புகுந்தால் எப்படித் தீர்ப்பார்கள் என்பதெல்லாம் ஓர் எழுதாச் சட்டம். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து காத்த சட்டம். குடி முறையைக் காண அவருக்கிருந்த கண் இந்தப் பக்கமும் இன்னும் கொஞ்சம் திரும்பியிருந்தால், எங்கள் இரு சமூகங்களுக்கும் இடையிலிருந்த கொடுக்கல் வாங்கலின் மிகப் பழைய இழை ஒன்று பதிவாகியிருக்கும்.

எங்கள் பட்டியைப் பார்த்தது அக்கரையைச் சேர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். பிறக்கும் கன்றில் அவர்களுக்குப் பங்கு, பாலும் அவர்களுக்கு. எழுத்து ஒன்றும் கிடையாது. பெருநாளைக்கு அங்கிருந்து தயிர் வரும், பொங்கலுக்கு இங்கிருந்து உடுப்பு போகும்.

6. எங்கள் எழுத்து

இனி எங்கள் பக்கம். கிழக்கு முஸ்லிம்களின் நிலம் பற்றி நாங்கள் எழுதுவதைக் கவனித்தால் இரண்டு ஆண்டுகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று 1626. போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களில் நாலாயிரம் பேரைச் செனரத் மன்னன் மட்டக்களப்பில் குடியேற்றினான் என்ற செய்தி. மற்றது 1990. முதலாவது, 'நாங்கள் அரசன் அழைத்து வந்தவர்கள்' என்பதற்கு. இரண்டாவது, 'நாங்கள் இழந்தவர்கள்' என்பதற்கு.

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட ஊர் இது. அதைப் பற்றிப் பேசும்போது என் கை இன்னும் நடுங்கும். அந்த நாள்களோடு படுவான்கரைக்குப் போகும் வழி எங்களுக்கு அடைபட்டது. அதே ஆகஸ்டில் தமிழ்க் கிராமங்களில் எங்களவர் பெயரால் சிந்தப்பட்ட இரத்தத்தையும் சேர்த்து நினைக்காமல் அந்த மாதத்தை எழுதுவது அரைகுறை எழுத்து.

சில வருடங்களுக்கு முன், இழந்த காணிகளின் அட்டவணை ஒன்றைத் தயாரிக்கும் வேலையில் நானும் இருந்தேன். பெயர், கண்டம், ஏக்கர், உறுதி இலக்கம், இப்போதைய நிலை. ஐந்து நிரல்கள். இரவிரவாகத் தட்டச்சுச் செய்து உம்மாவிடம் காட்டினேன். விரலால் வரிகளைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மாட்ட எழுதல்லயா மனே?"

எழுதவில்லை. அதற்கு நிரல் இல்லை. உறுதி இல்லாத எதற்கும் நான் நிரல் வைக்கவில்லை. 1840ஆம் ஆண்டுச் சட்டம் செய்த அதே வேலையைக் காத்தான்குடியில் ஒரு மேசையில் உட்கார்ந்து நானே செய்திருக்கிறேன்.

இது ஒரு தனிமனிதத் தவறாக மட்டும் இருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். எங்கள் வரலாற்றெழுத்தின் முறையே அதுவாக இருக்கிறது. உறுதியைக் காட்டி வாதாடுகிறவர், உறுதிதான் உரிமை என்று ஒப்புக்கொள்கிறார். அரசின் உறுதியும் வர்த்தமானியும் எங்களுடையதைவிடப் பெரியவை. நாளைக்கு வனத்துக்கோ வனவிலங்குக்கோ ஒரு துண்டு வர்த்தமானியில் போகும்போது, அந்த அளவுகோலாலேயே நாங்கள் தோற்போம். அங்கே என்ன செய்தோம், யாரோடு சேர்ந்து செய்தோம், எந்த மாதத்தில் செய்தோம் என்ற வரலாறுதான் எங்கள் கையிலுள்ள வேறு சாட்சி. அதை நாங்கள் எழுதி வைக்கவில்லை.

மார்க்கத்தைத் துணைக்கழைப்பவர்களும் ஒரு பாதியைத்தான் சொல்கிறார்கள். செத்த நிலத்தை உயிர்ப்பித்தவனுக்கே அது சொந்தம் என்ற 'இஹ்யாஉல் மவாத்' சட்டம் எல்லோருக்கும் தெரியும். காடு வெட்டிக் காணி பிடிக்கும்போது வாயில் வருவது அதுதான். நீர், புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற நபிமொழி அதே கிதாபுகளில்தான் இருக்கிறது. ஊரார் பொதுவாகப் புழங்கும் சுற்றுப்புறத்தை 'ஹரீம்' என்று பிரித்து, அதைச் செத்த நிலமாகக் கணக்கெடுக்கக் கூடாது என்று சட்ட அறிஞர்கள் வரையறுத்தார்கள். பொது மேய்ச்சலுக்காக 'ஹிமா' ஒதுக்கிய கலீஃபா உமர், சிறிய மந்தைக்காரனை உள்ளே விடு, உஸ்மானுடைய மந்தையையும் இப்னு அவ்ஃபுடைய மந்தையையும் வெளியே நிறுத்து என்று காவலாளுக்குக் கட்டளையிட்டது புகாரியில் இருக்கிறது. புல்லைப் பற்றி இவ்வளவு பேசிய மரபு எங்களுடையது. ஆனால் நாங்கள் ஏக்கரை மட்டும் எண்ணுகிறோம்.

7. மேற்கு எல்லை

யுத்தநிறுத்தம் வந்த 2002க்குப் பிறகு வாப்பா பாதையில் ஏறி அக்கரைக்குப் போனார். நானும் கூடப் போனேன். வயலை வேறு யாரோ செய்துகொண்டிருந்தார். வாப்பா அவரோடு சண்டைக்குப் போகவில்லை. பட்டி பார்த்த குடும்பத்தைத் தேடினார். பெரியவர் இறந்துவிட்டிருந்தார். மகன் எங்களைக் கண்டதும் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "போடியார்ர குறி வைச்ச மாடு ஒண்டும் மிஞ்சல்ல. எங்கட குறி வைச்சதும் மிஞ்சல்ல." இரண்டு வசனம். அவ்வளவுதான் கணக்கு முடிந்தது. திரும்பி வரும்போது வாப்பா, "அவன் பொய் சொல்ல மாட்டான்" என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் மறுபடி மாடு வாங்கிப் பெருக்கினார்கள். மாரிக்கு மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் கொண்டு போனார்கள். மட்டக்களப்பின் மேற்கு எல்லையில், மகாவலித் திட்டத்துக்குள் கிடக்கும் அந்த மேய்ச்சல்தரையில் வெளிமாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் பயிர் செய்யத் தொடங்கியதும், மாடுகள் சுடப்படுவதாகவும் சுருக்கில் மாட்டிச் சாவதாகவும் பண்ணையாளர்கள் முறையிட்டதும், 2023இல் சித்தாண்டியில் அவர்கள் போராட்டம் தொடங்கியதும் செய்தித்தாளில் வந்தவைதான். ஏர் பட்டது சொந்தம், மாடு பட்டது வெற்றுநிலம் என்ற அதே பழைய கணக்கு. வேடருக்கும் இதுவே நடந்தது. 1983இல் மதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானபோது அவர்களுடைய வேட்டைக்காடு ஒரே நாளில் தடைசெய்யப்பட்ட இடமாயிற்று.

அந்தப் போராட்டத்தைப் பற்றி எங்கள் ஊரில் பேச்சு அதிகமில்லை. "அது அவங்கட பிரச்சின" என்றார் ஒரு நண்பர். "1990ல நம்மட காணிக்கு அவங்க பேசினாங்களா?" என்றார் இன்னொருவர். இரண்டாவது கேள்வி நியாயமானது, வலியிலிருந்து வருவது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அந்தப் புல்லில் எங்கள் குறி வைத்த மாடும் மேய்ந்தது. அது அவர்களுடைய பிரச்சினை மட்டும் என்று சொன்னால், அங்கே எங்களுக்கு ஒரு காலமும் ஒன்றும் இருக்கவில்லை என்று நாங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

ஆய்வு செய்கிற இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள். எழுபது வயதைத் தாண்டிய போடிமாரும் மாட்டுக்காரரும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். குறிகளை வரைந்து வாங்குங்கள். பட்டி போன வழிகளையும், நின்ற காலைகளையும், நீர் குடித்த மடுக்களையும் பெயரோடு எழுதுங்கள். புல்லின் பெயர்களையும் கேளுங்கள். பாலத்தைத் தாண்டிப் போய் அங்குள்ளவர்களிடமும் கேளுங்கள். கதையின் பாதி அவர்களிடம்தான் இருக்கிறது. கனகரத்தினமும் கந்தையாவும் மக்கில்வ்ரேயும் விட்டதை எழுத இன்னும் பத்து வருடம்கூட அவகாசம் இல்லை.

அட்டவணையில் ஆறாவது நிரல் ஒன்றை இப்போது சேர்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு வரிக்கு நேரே, உம்மாவிடம் கேட்டு எழுதினேன். 'மாடு சுமார் நாற்பது, எருமை பன்னிரண்டு. மேய்ச்சல்: மேற்கே தரவை.'